அப்பாவோட மரதன் ஓடலாமோ? லீவில வாற ஒரு மகனின்ர கேள்வி

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 43 வயசு, ஸ்காபரோவில 17 வருசமா இருக்கிறன், 4 வருசமா ஓடுறன், ரெண்டு முழு மரதன் முடிச்சிருக்கிறன், நல்ல நேரம் 4 மணி 20 நிமிசம். வாற தை மாசக் கடைசியில 3 கிழமை லீவில குடும்பத்தோட யாழ்ப்பாணம் வாறம். வந்து 9ம் நாள் ஊரில ஒரு மரதன் நடக்குது, 42, 21, 10, 5 கிலோமீற்றர் எண்டு நாலு பிரிவும் இருக்கு. அப்பாவுக்கு 68 வயசு, சலரோகம் 15 வருசமா இருக்கு, பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார், ஆனா ஆள் நல்ல சுறுசுறுப்பு, இண்டைக்கும் சந்தைக்கு சைக்கிள்ல தான் போறவர். தங்கச்சிக்கு 38, ரீச்சர், பின்னேரத்தில நடக்கிறவ. மகனுக்கு 14. மனிசி 10 கிலோமீற்றர் வரைக்கும் என்னோட ஓடுவா. எல்லாருமாச் சேர்ந்து முழு மரதனையும் செய்யலாமோ? அப்பா "ஓம், நானும் வாறன்" எண்டு சொல்லிப்போட்டார். மைனஸ் குளிரில ஓடிப் பழகின எனக்கு ஊர் வெயில் பிரச்சினையாகுமோ? அடுத்தமுறை வரேக்க அப்பா எப்பிடி இருப்பாரோ தெரியாது, ஒருக்கா அவரோட ஓடவேணும் எண்டு ஆசை.

பதில்:

தம்பி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான். முதல்தரம் வாசிக்கேக்க ஒரு ஓட்டக்காரனின்ர கேள்வி மாதிரித் தான் இருந்தது, ரெண்டாந்தரம் அந்தக் கடைசி வரியில நிண்டுபோனன். அந்த வரிக்குத் தான் பதில் எழுதுறன், மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னால வரட்டும்.

நேராச் சொல்லிப்போடுறன், எல்லாருமா 42 வேண்டாம். அப்பாவுக்கும் மகனுக்கும் தங்கச்சிக்கும் வேண்டவே வேண்டாம், உங்களுக்கும் 9ம் நாளில வேண்டாம். குடும்பமா 5 கிலோமீற்றருக்குப் பேர் குடுங்கோ, அப்பாவும் வரலாம், ஆனா அவருக்கு அதுக்கு முதல் சில சோதினைகள் செய்ய வேணும், அதைக் கீழ எழுதுறன்.

அப்பா "ஓம்" எண்டு சொன்னது எந்த மரதனுக்கு எண்டு கேட்டனீங்களோ? எங்கட ஊரில மரதன் எண்டால் தூரம் ஒரு கணக்கே இல்லை. தை, மாசியில பள்ளிக்கூடங்களில இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப்போட்டி வரேக்க முதல்ல நடக்கிறது மரதன் தான், அஞ்சு கிலோமீற்றரா இருந்தாலும் மரதன், எட்டா இருந்தாலும் மரதன், வெறுங்காலோட ஓடுற பொடியளுக்கு ஒழுங்கை முகப்பில நிண்டு சனம் வாளியால தண்ணி ஊத்தும், தேசிக்காய்த் தண்ணி குடுக்கும். உங்கட அப்பாவின்ர மனசில இருக்கிறது பெரும்பாலும் அந்த மரதனாத் தான் இருக்கும். அவர் 42.195 கிலோமீற்றருக்கு ஓம் சொல்லியிருப்பார் எண்டு நான் நம்பேல்லை, சொல்லியிருந்தாலும் அது யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறைக்குப் போறதை விடக் கூடின தூரம் எண்டு ஆராவது அவருக்குச் சொல்லவேணும். அந்த 42.195 எண்ட கணக்கும் ஒண்டும் வேதவாக்கில்லை, 1908ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில வின்ட்சர் கோட்டையில துவங்கி மைதானத்தில அரச குடும்பம் இருந்த இடத்துக்கு முன்னால முடிச்ச படியால வந்த தூரம், 1921இல தான் அதையே நிரந்தரமாக்கினவை. ஆகவே அதை ஓடினால் தான் குடும்பமா மரதன் ஓடினதாகும் எண்டு நினைக்காதேங்கோ.

இனி வெயில். இதில தான் வெளிநாட்டில இருந்து வாற நல்ல ஓட்டக்காரர் பிழை விடுறவை, ஓடத் தெரியாதவன் பயந்து மெல்ல ஓடுவான், தெரிஞ்சவன் தான் தன்ர பழைய வேகத்தை நம்பி மாட்டுப்படுவான். தசை எரிக்கிற சக்தியில நாலில ஒரு பங்கு கூட ஓட்டத்துக்குப் போறேல்லை, மிச்சமெல்லாம் சூடாத் தான் வருது, மைனஸ் 5இல ஓடேக்க அந்தச் சூடு உங்களுக்கு உதவி, இஞ்ச அதை வெளியேத்துறதுக்கு வேர்வை தான் முக்கியமான வழி. வேர்வை வழிஞ்சு நிலத்தில சொட்டினால் உடம்பு குளிராது, அது தோலில இருந்து காய்ஞ்சு போகவேணும், எங்கட விடியக்காலமைக் காத்து ஈரம் நிறைஞ்சது, வடிவாக் காய விடாது. தை மாசம் விடிய 22, 23 பாகை தானே, ரொறன்ரோவில கோடையில இதைவிடச் சூட்டில ஓடினனான் எண்டு நீங்கள் சொல்லலாம். ஆனா அது உங்கட உடம்பு ரெண்டு மாசமாக் கோடையோட பழகினதுக்குப் பிறகு ஓடினது, இது பனிக்குள்ள இருந்து பிளேன் ஏறி வந்து ஓடுறது. அதோட விடிய 5 மணிக்குத் துவங்கினாலும் 4 மணி 20 நிமிசம் ஓடுற ஆள் இஞ்ச 5 மணித்தியாலம் எடுப்பார், 6.30 அளவில வெயில் வந்தால் மிச்சம் மூண்டரை மணித்தியாலமும் வெயிலுக்குள்ள, அதுவும் பண்ணைப் பாலம் மாதிரி ரெண்டு பக்கமும் கடல், ஒரு மர நிழல் இல்லாத றோட்டு எண்டால் யோசிச்சுப் பாருங்கோ.

உடம்பு சூட்டுக்குப் பழகும், அது உண்மை, ஆனா அதுக்கு 10 தொடக்கம் 14 நாள் வேணும். முதல் 4, 5 நாளில இரத்தத்தின்ர நீர் அளவு கூடும், அதால நெஞ்சுத்துடிப்பு கொஞ்சம் இறங்கும், பிறகு தான் வேர்வை கெதியாத் துவங்கி, கூடுதலா வந்து, அதில போற உப்பும் குறையும். நீங்கள் ஓட நினைக்கிற 9ம் நாளில இந்த வேலை அரைவாசியைத் தாண்டியிருக்கும், ஆனா முடிஞ்சிருக்காது. அதுவும் சும்மா இருந்தால் பழகாது, ஒவ்வொரு நாளும் கொஞ்சமெண்டாலும் வேர்க்க வேணும், ஏசி வானில திரிஞ்சு சொந்தக்காரர் வீடுகளில இருந்து நண்டுக்கறி சாப்பிட்டால் 9 நாளும் வீண்.

ஒரு ஓட்டத்தில மருத்துவக் கொட்டிலில நிண்டனான். வெளிநாட்டில இருந்து வந்து 3 நாள் ஆன ஒரு தம்பி, உங்கட வயசு தான், நல்ல உடம்பு, 21இல கடைசி 2 கிலோமீற்றரில தள்ளாடி விழுந்து தூக்கிக்கொண்டு வந்தவை. பேரைக் கேட்க வேற ஏதோ சொன்னார், தமக்கை முன்னால நிக்கிறா, ஆரெண்டு தெரியேல்லை. உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல. வாகனத்தில ஏத்துறதுக்கு முதல் அங்கேயே கிடத்தி, ஐஸ் தண்ணியில நனைச்ச சீலையளை மாத்தி மாத்திப் போட்டு, விசிறி, 20 நிமிசத்துக்கும் மேல பாடுபட்டு அந்தச் சூட்டை இறக்கித் தான் அனுப்பினனாங்கள். ஆள் தப்பிட்டார். அந்தத் தமக்கையின்ர முகம் எனக்கு இன்னும் மறக்கேல்லை, லீவுக்கு வந்த தம்பி கண்ணுக்கு முன்னால அப்பிடிக் கிடக்கிறதை ஒரு குடும்பமும் பார்க்கக்கூடாது. உங்கட வீட்டு ஆக்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கோ, ஓடின ஆள் மாறிக் கதைச்சால், கோவப்பட்டால், நேரா நிக்க ஏலாமப் போனால் அது களை இல்லை, முதல்ல குளிர வைக்கிறது, பிறகு தான் ஆஸ்பத்திரி, கிணத்தடித் தொட்டித் தண்ணியெண்டாலும் பரவாயில்லை, அள்ளி ஊத்திக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கோ.

வெளிக்கிட முதல் அங்கயே நீங்கள் ஒண்டு செய்யலாம். கடைசிப் பத்து நாளில ஓடி முடிச்ச கையோட பாத் டப்பில 40 பாகை அளவு சுடுதண்ணி நிரப்பி கழுத்தை வெளியில வைச்சுக்கொண்டு இருங்கோ, முதல் நாள் 15 நிமிசம், பிறகு மெல்ல மெல்ல 30 வரைக்கும். உடம்பு சூட்டை அங்கேயே பழகத் துவங்கும். எழும்பேக்க தலை சுத்தும், ஆகவே வீட்டில ஆள் இருக்கேக்க செய்யுங்கோ. இது உங்களுக்கு மட்டும் தான், "அப்பாவையும் சுடுதண்ணியில இருக்கச் சொல்லட்டோ" எண்டு கேட்கக்கூடாது.

வந்திறங்கி முதல் ரெண்டு நாளும் ஓட வேண்டாம், பின்னேரம் நடந்தால் காணும். பத்து மணித்தியாலத்துக்கும் மேல நேர வித்தியாசம், நித்திரை குழம்பியிருக்கும், அவ்வளவு நேரம் பிளேனில மடங்கி இருந்த கால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் மசாஜ் செய்யாமல் உடன டொக்டரிட்டக் காட்டுங்கோ, இரத்தம் கட்டியிருக்கலாம். மூண்டாம் நாளில இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30, 40 நிமிசம், வழமையை விடக் கிலோமீற்றருக்கு ஒரு நிமிசம் ஆறுதலா, பக்கத்தில வாற ஆளோட கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகம். கோட்டையைச் சுத்திப் பண்ணைக் கரையோட போறது நல்ல இடம், விடிய நடக்கிற ஆக்களும் இருப்பினம். றோட்டில ஓடுறதெண்டால் ஒரு விசயம், கனடாவில வாகனம் வலப்பக்கம், நீங்கள் இடப்பக்கத்தால வாகனத்தைப் பார்த்தபடி ஓடிப் பழகியிருப்பியள், இஞ்ச எல்லாம் மறுவளம், நீங்கள் வலப்பக்கத்தால ஓடவேணும். உங்களுக்கு ஞாபகம் வந்திடும், அங்க பிறந்து வளர்ந்த பொடியன் றோட்டுக் கடக்கேக்க பிழையான பக்கம் தான் பார்ப்பான், அவனைக் கொஞ்ச நாளைக்குத் தனிய விடாதேங்கோ. நாய் துரத்தினால் ஓடாமல் நிக்கச் சொல்லுங்கோ, கடிச்சால் 15 நிமிசம் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரி, சின்னக் கீறல் தானே எண்டு விடுற அலுவல் இல்லை.

இப்ப அப்பா. எனக்கு முக்கியம் இது தான்.

சைக்கிள்ல சந்தைக்குப் போறவர் எண்டது நல்ல செய்தி, உண்மையில உங்கட குடும்பத்தில இந்த வெயிலுக்குப் பழகின கால் அவரின்ரயும் தங்கச்சியின்ரயும் தான். ஆனா 15 வருசச் சலரோகம் எண்டால் நான் மூண்டு இடம் பார்ப்பன். முதல் நெஞ்சு, சலரோகக்காரருக்கு நெஞ்சு நோகாமலே இருதயத்துக்குப் போற இரத்தம் குறையலாம், நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது, வெறும் மூச்சு வாங்கல், வழமைக்கு மாறான களை, குளிர்ந்த வேர்வை, இவ்வளவு தான் அடையாளமா இருக்கும். ஆகவே ஒரு இ.சி.ஜி. கட்டாயம், ஓடுற மெசினில நடக்க விட்டு எடுக்கிற இ.சி.ஜி. தேவையோ எண்டதை கிளினிக் டொக்டர் முடிவெடுப்பார். ரெண்டாவது கண், உள்விழித்திரையில புது இரத்தக்குழாய் வந்திருக்கோ எண்டு பார்த்து ஒரு வருசத்துக்கு மேல எண்டால் திரும்பக் காட்ட வேணும். மூண்டாவது கால்.

அந்தக் கால் விசயத்தை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், ஏனெண்டால் இஞ்ச நான் பார்க்கிற கவலையான கேஸுகள் கனக்க ஒரு சின்னக் கொப்புளத்தில தான் துவங்கினது. உணர்ச்சி குறைஞ்ச பாதத்தில சப்பாத்துக் கடிச்சால் தெரியாது, பின்னேரம் கால்மேஸைக் கழட்டேக்க இரத்தத்தைப் பார்த்துத் தான் தெரியும், ஆறுறதுக்கு மாசக்கணக்கு, சில பேருக்கு ஆறாமலே விரல் போயிருக்கு. தங்கச்சியிட்டச் சொல்லி அப்பாவின்ர ரெண்டு பாதத்தையும் பின்னேரத்தில, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில, ஒரு பேப்பரில வைச்சுக் கோடு கீறி நீளம் அகலம் அளந்து அனுப்பச் சொல்லுங்கோ, அதைக் கொண்டுபோய் அங்க கடையில காட்டி பெருவிரலுக்கு முன்னால ஒரு விரலகலம் இடம் விட்டு, முன்பக்கம் அகலமான ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்குங்கோ. உங்களோட கொண்டு வாறதை விட முந்தி வாற ஆரிட்டையும் குடுத்து விட்டால் நல்லம், அவர் வீட்டுக்குள்ள ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போட்டுப் பழகலாம். 9 நாளுக்குள்ள புதுச் சப்பாத்தை 5 கிலோமீற்றருக்குத் தயாராக்கிறது கஷ்டம். பெட்டிக்குள்ள வைச்சு "நல்ல நாளுக்குப் போடுவம்" எண்டு சொல்லுவார், விடாதேங்கோ.

குளிசை என்னென்ன எண்டு நீங்கள் எழுதேல்லை. மெட்போமின் மட்டும் எண்டால் பயம் குறைவு, கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசை அல்லது இன்சுலின் எண்டால் நடந்து வேர்க்கேக்க சீனி சடாரெண்டு இறங்கும், அதுக்கும் வேர்வை, தடுமாற்றம் தான் அடையாளம், வெயிலுக்கும் அதே தான், குழப்பிப் போடும். பிரஷருக்கு சலம் கூடப் போக வைக்கிற குளிசை எடுக்கிறாரெண்டால் தண்ணி வத்துறது கெதியா நடக்கும். இதுகளை நீங்களாக் கூட்டிக் குறைக்கக்கூடாது, அண்டைக்கு விடிய எதை எப்ப எடுக்கிறது எண்டு கிளினிக்கில கேட்டு ஒரு துண்டில எழுதி வாங்குங்கோ. சேட்டுப் பொக்கற்றில குளுக்கோசு வில்லையோ மூண்டு தேக்கரண்டி சீனியோ சுத்தி வைச்சிருக்கட்டும், அது அவசரத்துக்கு மட்டும்.

உங்களுக்கும் மனிசிக்கும் கடையில வாங்கிற ஜெல் தேவையில்லை, பனங்கட்டிக் குட்டான் ஒண்டை உடைச்சு வாயில போட்டால் காணும், எங்கட கதலி வாழைப்பழமும் நல்லது. ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒடியல் கூழ் காய்ச்சி வரவேற்பினம், கும்பிட்டுக் கேட்கிறன், அதை அடுத்த நாளைக்கு வையுங்கோ, நாரும் உறைப்பும் மீனும் சேர்ந்து விடிய 5 மணிக்கு உங்களை றோட்டில விடாது. இடியப்பம், சொதி, ஒரு முட்டை. கொதிச்சாறின தண்ணி அல்லது போத்தல் தண்ணி, மகனுக்கு றோட்டோர ஐஸ் வேண்டாம். ஓட்டத்துக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆருக்கெண்டாலும் வயித்தாலை போனாலோ காய்ச்சல் வந்தாலோ அவர் அண்டைக்கு ஓடக்கூடாது. மாரி முடிஞ்சு வாற அந்தக் காலத்தில இஞ்ச டெங்குவும் இருக்கும், காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேற நோக் குளிசை ஒண்டும் போடாதேங்கோ. காய்ச்சல் இல்லாட்டியும் ஓட முதல் டைக்குளோபினாக், இபுபுரோபன் வேண்டாம், தண்ணி வத்தின நேரத்தில சிறுநீரகத்தை அது தாக்கும்.

தண்ணியிலயும் ஒரு அவதானம். எங்கட சனம் பாசத்தில ஒவ்வொரு சந்தியிலயும் தண்ணி நீட்டும், வேண்டாம் எண்டால் மனம் நோகும் எண்டு நீங்களும் குடிப்பியள். 2002ம் ஆண்டு பொஸ்டன் மரதனில 488 பேரின்ர இரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்ததில 13 வீதமானவைக்கு உப்புக் குறைஞ்சிருந்தது, கூடுதலாத் தண்ணி குடிச்சு நிறை ஏறினவையும் 4 மணித்தியாலத்துக்கு மேல எடுத்தவையும் தான் அதில கூட மாட்டுப்பட்டவை. மெல்லப் போற ஆக்களுக்குத் தான் அந்த ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கோ, காணும். நீண்ட ஓட்டமெண்டால் ஜீவனியை, அதுதான் வயித்தாலை போனால் கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனிப் பவுடரை, பக்கற்றில சொல்லியிருக்கிற அளவு தண்ணியில கரைச்சு இடைக்கிடை ரெண்டு முறடு.

இனி உங்கட ஓட்டம். 4 வருசமா ஓடுற ஆளுக்கு 5 கிலோமீற்றர் எண்டால் மனம் கேட்காது, எனக்கு விளங்குது. 21ஐ ஓடிப்போட்டு அப்பாவோடயும் நடப்பன் எண்டு நினைக்காதேங்கோ, நீங்கள் முடிச்சு வரேக்க அவர் முடிச்சு வீட்டை போயிருப்பார், ரெண்டில ஒண்டு தான். அப்பாவோட நடவுங்கோ, அவரின்ர வேகத்தில, அவர் ஓடினால் ஓடுங்கோ, நிண்டால் நில்லுங்கோ, அவர் தன்ர பள்ளிக்கூட மரதனைப் பற்றிக் கதைப்பார், கேளுங்கோ. மகன் முன்னுக்கு ஓடப்போவான், போகட்டும், அவனுக்கு 5 நல்லாக் காணும், தங்கச்சியும் மனிசியும் வேணுமெண்டால் 10இல போகலாம், தங்கச்சி இப்ப இருந்தே நடைக்குள்ள ரெண்டு நிமிசம் ஓட்டம், மூண்டு நிமிசம் நடை எண்டு கலந்து பழகினால்.

உங்கட நீண்ட ஓட்டத்தை மூண்டாங் கிழமைக்கு வையுங்கோ, 16, 17ம் நாள், உடம்பு அப்ப பழகியிருக்கும். நல்லூரடியில இருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு காங்கேசன்துறை றோட்டால கீரிமலைக்கு, 20க்குக் கிட்ட வரும், தட்டையான றோட்டு. ஏத்தம் இறக்கம் இல்லாத படியால கால் ஒரே தசையிலயே அடிச்சுக்கொண்டு போகும், இடைக்கிடை ஒரு நிமிசம் நடவுங்கோ. ஒரு மோட்டச்சைக்கிள் பின்னால லைற்றோடயும் தண்ணியோடயும் வரட்டும், முடிச்சுக் கொஞ்சம் ஆறிப்போட்டுக் கேணியில இறங்கலாம். வீட்டு ஆக்கள் வானில சாப்பாட்டோட அங்க வரட்டும். 42ஐ ஒக்டோபரில ரொறன்ரோவில ஓடுங்கோ, அந்தக் குளிர் உங்கட உடம்புக்குப் பொருத்தம்.

கடிதம் முழுக்கத் தேடினன், அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவ இருக்கிறா எண்டால் அண்டைக்கு மூண்டரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைக்கிறது அவ தானே. கடைசி ஒரு கிலோமீற்றர் எங்கயாவது ஒரு சந்தியில நிண்டு உங்களோட சேர்ந்து நடக்க அவவுக்கு விருப்பமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ, அவவின்ர காலுக்கும் ஒரு சோடி அளவெடுங்கோ.

இப்ப உடன செய்ய வேண்டியது, அப்பாவின்ர கிளினிக் கொப்பியில கடைசி மூண்டு பக்கத்தையும் தங்கச்சியைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கோ, மார்கழிக் கிளினிக்குக்கு அவவும் கூடப்போய் "அப்பா தை மாசக் கடைசியில வெளிக்கிட்டு 5 கிலோமீற்றர் நடக்கப்போறார்" எண்டு டொக்டரிட்டத் தானே சொல்லட்டும். அப்பாவைத் தனிய விட்டால் அவர் சொல்லமாட்டார், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை டொக்டர்" எண்டு துண்டை வாங்கிக்கொண்டு வந்திடுவார். இ.சி.ஜி.யும் கால் சோதினையும் முடிஞ்சு என்ன சொன்னவை எண்டு எனக்கு எழுதுங்கோ, அதைப் பார்த்துத் தான் அவர் 5ஐயும் முழுக்க நடக்கிறதோ, நீங்கள் வழியில ஒரு கதிரை வைக்கிறதோ எண்டு சொல்லுவன்.